கட்டுப்பாட்டுக் குழு அல்ல, ஒப்பீட்டுக் குழு

காசிமேட்டில் அத்தை வீட்டுக்கு ஒரு கல்லூரி மாணவிகள் ஆய்வுக்காக வந்தார்கள். இரத்தக் கொதிப்பு பற்றியது. சில வீடுகள் உப்பைக் குறைக்க வேண்டும்; அத்தை வீடு வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். ஆனால் படிவத்தில் இருந்தது: "நீங்கள் கட்டுப்பாட்டுக் குழுவில் உள்ளீர்கள்." அத்தை அன்றைக்கே கருவாட்டுப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டார். "கட்டுப்பாடுன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்களே, அப்புறம் எப்படித் துன்றது?" மாறாமல் இருக்க வேண்டிய வீடு மாறிவிட்டது. இனி எதோடு எதை ஒப்பிடுவது?

'கன்ட்ரோல் குரூப்' என்பதன் தமிழாக்கமாம் இது. 'கன்ட்ரோல்' என்ற சொல்லின் பிறப்பே வேறு. பழைய பிரெஞ்சில் அது கணக்குச் சுருளுக்கு எதிர்ச்சுருள், அதாவது சரிபார்க்க வைத்திருக்கும் இன்னொரு படி. ஏலக்காரர் நோட்டையும் படகுக்காரர் நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கிறோமே, அதுதான். அடக்குவது, ஆள்வது என்ற பொருள் பின்னால் வந்தது. ஆய்வில் நமக்கு வேண்டியது முதல் பொருள்.

தமிழில் 'கட்டுப்பாடு' என்றால் காதில் விழுவது என்ன? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஊர்க் கட்டுப்பாடு. 'சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது.' நீரிழிவு ஆய்வில் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று படிப்பவர், சர்க்கரை அளவோடு இருப்பவர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர் மேல் என்ன தப்பு? 'கலைச்சொல் பழகினால் புரியும்' என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: படிவத்தில் கையெழுத்துப் போடுபவருக்குப் பழக நேரமில்லை. இதற்குப் பதில் 'கன்ட்ரோல் குரூப்' என்று அப்படியே எழுதிவிடலாம். புரியாவிட்டால் கேட்டாவது தெரிந்துகொள்வார்கள். 'கட்டுப்பாட்டுக் குழு' புரிந்ததுபோல் ஏமாற்றுகிறது.

ஒப்பீட்டுக் குழு என்பதே சரி. அது செய்யும் வேலையையே பெயராகச் சொல்கிறது. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழை நோயாளிகளைக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில், மறுபாதி நெரிசலான வீட்டிலேயே; இரு பக்கமும் அதே மருந்துகள். 1959-ல் வெளியான முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். நோயாளியை மாதக்கணக்கில் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்குக் காட்டியது இந்த ஊர் ஆய்வு. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு பாதி இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

ஆங்கிலத்தில் 'ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல்' எனப்படும் இந்த வகை ஆய்வை இன்று 'சீரற்ற கட்டுப்படுத்தப்பட்ட சோதனை' என்று எழுதுகிறார்கள். சீரற்ற சோதனைக்கு யார் உடம்பைக் கொடுப்பார்? சீட்டுப் பிடிக்கும் தெருவில் 'குலுக்கல்' தெரியாதவர் கிடையாது. 'குலுக்கல்முறை ஒப்பீட்டு ஆய்வு' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடுகிறார்கள்.

மாணவிகள் மறுபடி வந்தபோது அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்து 'ஒப்பீட்டுக் குழு' என்று எழுதிக் கொடுத்தேன். கீழே ஒரு வரி சேர்த்தோம்: 'எப்போதும்போலச் சாப்பிடுங்கள்.' அத்தை அதைப் படித்துவிட்டுப் பரணைப் பார்த்தார்.