ஓடாத வரியைப் பைத்தான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், அன்றாட ஏலக் கணக்குக்காகப் பைத்தான் என்ற கணினி மொழியில் தாமே எழுதிய நிரலைப் பற்றிக் கேட்டிருந்தார். டெஸ்ட் கவரேஜ் (சோதனையின்போது நிரலின் எத்தனை வரிகள் ஓடின என்ற அளவு) 100 விழுக்காடு என்று காட்டிய அந்த நிரல், ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதுமே பிழை காட்டி நின்றுவிட்டதாம். எல்லா வரியும் ஓடியது என்று சான்று கொடுத்த கருவி பொய் சொன்னதா என்பது அவருடைய கேள்வி.

பிழை இருந்த இடம் நான்கே வரிகள். முதல் வரி, தொகையையும் பெட்டிக் கணக்கையும் வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷனின் (பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல்துண்டின்) தலைப்பு. இரண்டாவது வரி, பெட்டி எண்ணிக்கை சுழியத்தைவிட அதிகமா என்று கேட்கும் இஃப். மூன்றாவது, அப்படியானால் தொகையைப் பெட்டியால் வகுத்து ‘விலை’ என்ற பெயரில் வைத்துக்கொள்ளும். நான்காவது வரி அந்த ‘விலை’யைத் திருப்பித் தரும். (பைத்தான் 3 முதல் இத்தகைய பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், அவர் வைத்திருந்தார், பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது.) 12,000 ரூபாய், 10 பெட்டி என்று கொடுத்துச் சோதித்தால் விடை 1,200, நான்கு வரிகளும் ஓடிவிடும். கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விதான் சிறியது.

ஓடிய வரிகளைக் குறித்துக்கொள்வது எளிது. ஓடாதவை எவை என்று தெரிய வேண்டுமானால், ஓடக்கூடியவை எவை என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பைத்தான் நம் நிரலைப் பைட்கோடாக (உள்ளுக்குள் தான் ஓட்டும் சிறு கட்டளைகளாக) மாற்றும்போதே, எந்தக் கட்டளை எந்த வரியிலிருந்து வந்தது என்ற அட்டவணையையும் சேர்த்து வைக்கிறது. வெற்று வரிகளும் குறிப்புரைகளும் அதில் வருவதில்லை. அட்டவணையில் இருந்து ஓடியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ஓடாதவை. பைத்தானுடன் வரும் ‘டிரேஸ்’ தொகுதியிடம் விடுபட்டவற்றைக் காட்டச் சொன்னால், அந்த வரிகளின் முன்னால் ஆறு அம்புக்குறிகளைப் போட்டுக் கொடுக்கும்.

ஓடுவதைக் கவனிக்கும் பழைய வழி, சிஸ் தொகுதியில் உள்ள ‘செட்ட்ரேஸ்’. அதனிடம் ஒரு ஃபங்ஷனை ஒப்படைத்தால், நிரலில் வேறெந்த ஃபங்ஷன் அழைக்கப்பட்டாலும் முதலில் நம்முடையதற்குச் சொல்லி அனுப்பப்படும்: ‘இன்னாரை அழைக்கிறார்கள், உள்ளே கூடவே போகிறாயா?’ ‘நன்’ (ஒன்றுமில்லை) என்று திருப்பினால் அந்த ஃபங்ஷன் கண்காணிப்பின்றி ஓடும். ஃபங்ஷன் ஒன்றைத் திருப்பினால், ஒவ்வொரு புதிய வரிக்கு முன்னும் அதற்குத் தகவல் வரும். செலவும் இங்கேதான். மூன்று வரி கொண்ட லூப் ஒரு லட்சம் முறை சுற்றினால், மூன்று லட்சம் தடவைக்குக் குறையாமல் இந்த விசாரணை நடக்கிறது. ஆனால் ‘இந்த வரி ஓடியதா?’ என்பதற்கு முதல் தடவையே போதும், மற்றதெல்லாம் வீண்.

2023 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.12 இதற்குக் கண்ட தீர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ராயபுரத்துச் சந்துகள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொரு சந்தின் வாயிலிலும் இரவோடு இரவாக ஒரு மெல்லிய நூலைக் குறுக்கே கட்டிவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நடப்பவர் மேல் பட்டதும் நூல் அறும். அதற்குப் பிறகு அந்த வழியே ஆயிரம் பேர் போனாலும் யாருக்கும் தடையில்லை. மாலையில் ஒரு சுற்று வந்தால், நூல் அறாமல் இருக்கும் சந்துகளே யாரும் போகாதவை. பைத்தான் செய்வது கிட்டத்தட்ட இதுவே. ஒவ்வொரு வரியின் முதல் கட்டளையையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதன் இடத்தில் தகவல் சொல்லும் கட்டளையொன்றை வைக்கிறது. நிரல் அங்கு வந்ததும் நம் ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது. அது ‘டிசேபிள்’ (இனிச் சொல்ல வேண்டாம்) என்று திருப்பினால், எடுத்து வைத்த அசல் கட்டளை மீண்டும் தன் இடத்துக்கே வந்துவிடும். அடுத்த 99,999 சுற்றுகளிலும் அந்த வரி கண்காணிப்பே இல்லாததுபோல ஓடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் உடம்பில் தைத்த தையலைத் தானே பிரித்துக்கொள்வது போன்ற இந்த வேலைக்கு எத்தனை பாராட்டும் தகும்.

ஆனால் மாணவியின் சிக்கல் வரியில் இல்லை, கிளையில் இருந்தது. இஃப்பிலிருந்து மூன்றாவது வரிக்கு ஒரு வழியும், அதைத் தாண்டி நேரே நான்காவதுக்கு இன்னொரு வழியும் உண்டு. அவருடைய சோதனை முதல் வழியில் மட்டுமே நடந்தது. தடைக்காலமான 61 நாட்களும் விசைப்படகுக்குப் பெட்டி சுழியம். நிரல் இரண்டாவது வழியில் போய், யாரும் மதிப்புக் கொடுத்திராத ‘விலை’யைத் தேடி விழுந்தது.

நூல் உத்தியும் இங்கே சற்றுத் தடுமாறியது. 3.12இல் முச்சந்திக்கு ஒரே நூல்தான். ஒருவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது அறுந்துவிடும், மறுபக்கம் ஆள் போனதா என்று பிறகு சொல்ல முடியாது. ஆகவே கிளைகளை அளக்க விரும்பியவர்களுக்கு இந்த வேகம் முழுமையாகக் கைகொடுக்கவில்லை. 2025இல் வந்த 3.14, இடக்கிளைக்கு ஒன்றும் வலக்கிளைக்கு ஒன்றுமாக இரண்டு நூல்களைத் தனித்தனியே கட்டியது.

ஆயுத பூஜையன்று கணினிக்குச் சந்தனப் பொட்டு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதனால் கெடுதல் ஏதும் வருவதில்லை. ஆனால் எந்த வழியில் நடந்து வந்தது என்று கேட்காமல், 80 அல்லது 100 என்ற எண்ணைக் கண்டதும் நிரல் சரியானது என்று கும்பிடுவது கெடுதல் செய்யும் மூடநம்பிக்கை. நான் முன்பு வேலை பார்த்த இடமொன்றில், விடையைச் சரிபார்க்காமல் வரிகளை வெறுமனே ஓடவைக்கும் சோதனைகளை எழுதியே கவரேஜ் இலக்கை எட்டினோம்; அவற்றில் சில என் கையால் எழுதியவை.

மாணவியிடம், கவரேஜ் கருவியைக் கிளைகளையும் அளக்கும்படி ஓடவிடச் சொன்னேன். 100 என்ற எண் இறங்கியது. விடுபட்டவை என்ற பத்தியில், இரண்டிலிருந்து நான்குக்கு ஓர் அம்புக்குறி மட்டும் நின்றது. பெட்டி சுழியம் என்று ஒரு சோதனையைச் சேர்த்திருக்கிறார். அது இப்போதைக்குத் தோற்றுக்கொண்டிருக்கிறது. மீன் வராத நாளில் சராசரி விலை என்று எதைக் காட்டுவது என்பதை அப்பாவிடம் கேட்டுத்தான் எழுத வேண்டுமாம்.