உளிக்கு இரண்டாவது சூடு எதற்கு?

லேத் பட்டறையில் 'டெம்பர்' என்றால் கெட்டித்தன்மை. கிரைண்டரில் அழுத்திப் பிடித்த கார்பன் ஸ்டீல் டூலின் முனை நீலமாகிவிட்டால், "டெம்பர் போயிடுச்சு" என்பார்கள். உலோகவியலிலோ டெம்பரிங் என்பது கெட்டித்தன்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற வேலை. ஒரு வகையில் அந்த டூலுக்கு நடந்ததும் அளவு மீறிய டெம்பரிங்தான்.

0.8 சதவீதம் கார்பன் உள்ள எஃகில் ஓர் உளி அடித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நிலையில் இரும்பு அணுக்களின் அடுக்குக்குள் கார்பனுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். அது இரும்புடன் சேர்ந்து கார்பைடாகத் தனியே ஒதுங்கி நிற்கும். 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அடுக்கே மாறுகிறது. கார்பன் உள்ளே கரைகிறது. பட்டறையில் இதற்குக் காந்தம் போதும். அடுக்கு மாறிய எஃகில் காந்தம் ஒட்டாது. ஒட்டாமல் போனதும் இன்னும் சற்றுச் சூடேற்றி, சட்டென்று தண்ணீரில் துவைக்க, அதாவது முக்கிக் குளிரவைக்க வேண்டும். கார்பன் வெளியேற நேரமில்லாமல் மாட்டிக்கொள்ள, அடுக்கு இழுபட்டு விறைத்துப்போகிறது. ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் இதை மார்ட்டென்சைட் என்கிறார்கள். மாட்டிக்கொள்ளப் போதிய கார்பன் இல்லாத எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) கம்பியை எத்தனை முறை பழுக்கவைத்துத் துவைத்தாலும் உளியாகாது.

துவைக்கும்போது உளியைச் சும்மா பிடிக்காமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றிலும் நீராவி போர்வைபோல் மூடி, குளிர்ச்சியைத் தடுக்கும்.

இப்போது முனையில் அரம் வழுக்கும். சரி, சுத்தியலால் ஓங்கி ஒரு அடி போட்டால்? கண்ணாடி மாதிரி தெறிக்கும். டெம்பரிங் எனும் இரண்டாவது சூடு இதற்காகத்தான்: கெட்டித்தன்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தெறிக்காமல் அடி தாங்கவைக்க.

பழைய கைவேலைக்காரர்கள் இதையும் அதே சூட்டிலேயே முடித்துவிடுவார்கள். முனையை மட்டும் இரண்டு விரற்கடை துவைத்து எடுத்து, உடனே உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். தண்டில் மிச்சமிருக்கும் சூடு முனையை நோக்கி நகரும். கூடவே நிறங்களும் நகரும். சுமார் 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 280இல் ஊதா, 300இல் நீலம். மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் நிறம் தெரிகிறதே, அதே சங்கதி: மிக மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி செய்யும் வேலை. கடைசல் டூலுக்கு வைக்கோல் மஞ்சளே போதும். அடி வாங்கும் உளிக்கு ஊதா. ஊதா விளிம்பைத் தொட்டதும் மொத்தத்தையும் தண்ணீரில் போட்டுவிடுவார்கள்.

அடுப்பில் வைத்து டெம்பர் செய்பவர்கள் இந்த நிறக்கணக்கை நம்பக்கூடாது. ஒரு மணி நேரம் வைத்தால் படலம் தடித்து, குறைந்த சூட்டிலேயே ஊதா வந்துவிடும்.