கோஹார்ட் என்றால் சேர்க்கையணி

அமெரிக்காவில் ஒரு சின்ன அரசு மாற்றுப் பள்ளியை (வழக்கமான பள்ளியில் பின்தங்கியவர்கள் படிப்பை முடிக்க வருகிற பள்ளி) பற்றித் தேடிப் பார்த்தால் பள்ளியின் பெயருக்குக் கீழே சில எண்கள் வந்து நிற்கும். மொத்தம் எத்தனை மாணவர், அதில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) எத்தனை சதவீதம், கறுப்பினத்தவர் எத்தனை சதவீதம், இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி உள்ளவர்கள் எத்தனை சதவீதம், அப்புறம் 'நான்காண்டு கோஹார்ட் கிராஜுவேஷன் ரேட்'. மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கடைசி எண் 50 என்றோ 40 என்றோ இருந்தால் 'உருப்படாத பள்ளி' என்று முடிவுகட்டுகிறவர்கள்தான் அதிகம். அந்த முடிவு பெரும்பாலும் தப்பு. ஏன் தப்பு என்று புரிய கோஹார்ட் என்ற ஒரு சொல் புரிந்தால் போதும்.

லத்தீன் மொழியில் கோஹோர்ஸ் என்றால் வேலியடைத்த முற்றம். நீதிமன்றத்தைக் கோர்ட் என்கிறோமே, அந்தச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஓர் அடைப்புக்குள் சேர்ந்து நிற்கிற கூட்டம் என்ற பொருளில் அது ரோமானியப் படைக்குப் போனது. லீஜியன் என்ற பெரும் படைப்பிரிவு ஒன்றில் பத்து கோஹார்ட் இருக்கும். அங்கிருந்து புள்ளிவிவரத்துக்கு வந்த கதைதான் நமக்கு முக்கியம். 1930களில் வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்ட் என்ற அமெரிக்கத் தொற்றுநோயியலாளர் காசநோய் இறப்புகளை ஆராய்ந்தார். ஓர் ஆண்டின் இறப்புக் கணக்கை மட்டும் எடுத்தால் வயதானவர்களைத்தான் அந்த நோய் அதிகம் கொல்வதாகத் தெரிந்தது. ஒரே காலத்தில் பிறந்தவர்களை ஒரு கூட்டமாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தால் கதையே மாறியது: அந்தக் கூட்டத்தில் இளவயதில்தான் சாவு அதிகம், முதுமையில் தெரிந்தது அதன் மிச்சம். அந்தக் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் கோஹார்ட். ஒரே நேரத்தில் ஒரு வாசலுக்குள் நுழைந்தவர்களைக் கடைசிவரை விடாமல் பின்தொடர்வது, அதுதான் இந்தச் சொல்லின் உயிர்.

பள்ளிக்கு வருவோம். 2008இல் அமெரிக்கக் கல்வித்துறை எல்லா மாநிலங்களும் ஒரே முறையில் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதி போட்டது, 2010–11 கல்வியாண்டிலிருந்து எண்கள் வரத் தொடங்கின. ஒன்பதாம் வகுப்பில் முதல்முறை சேர்ந்தவர்களை எண்ணிக்கொள். பின்னால் வந்து சேர்ந்தவர்களைக் கூட்டு. வேறு பள்ளிக்கு மாறியவர்கள், நாட்டை விட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் ஆகியோரைக் கழி. மீதி இருப்பவர்களில் நான்கே ஆண்டில் முறையான டிப்ளமோ வாங்கியவர்கள் எத்தனை சதவீதம்? (இது நம் பாலிடெக்னிக் டிப்ளமோ இல்லை, பள்ளி இறுதிச் சான்றிதழ்.) ஐந்தாவது ஆண்டில் வாங்கினால் இந்தக் கணக்கில் சேராது. பள்ளிப் படிப்புக்கு நிகராக வைக்கப்படும் ஜி.இ.டி. தேர்வு எழுதி முடித்தாலும் சேராது.

நம் செய்தித்தாள்களில் இதைத் 'தேர்ச்சி விகிதம்' என்று எழுதிவிடுகிறார்கள், அது வேறு கணக்கு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்ச்சி விகிதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளை அதில் எங்கேயும் தெரியாது. கோஹார்ட் கணக்கில் நின்றுபோன பிள்ளையும் கீழே வகுக்கும் எண்ணில் இருக்கிறது. அந்த வகையில் இது நேர்மையான கணக்கு, அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் மாற்றுப் பள்ளியில் இதே கணக்கு கோணலாகிறது. கலிபோர்னியாவில் கன்டினியுவேஷன் பள்ளிகள் என்ற மாற்றுப் பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1919 சட்டத்தின்படி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கான பகுதிநேர வகுப்பாகத் தொடங்கியவை அவை. இன்று 16 வயதைத் தாண்டி, படிப்பில் பின்தங்கியவர்கள் வருகிற இடம். வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் வந்தால் போதும், மீதி நேரம் வேலைக்குப் போகலாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் லத்தீனோ பிள்ளைகளும் பெற்றோரைப் பிரிந்து அரசு ஏற்பாட்டில் வேறு குடும்பங்களில் வளர்கிறவர்களும் வழக்கமான பள்ளிகளைவிட இங்கே அதிகம்.

அங்கே 17 வயதில் ஒரு பெண் வந்து சேர்கிறாள் என்று வையுங்கள். மாநிலத்தின் பல பள்ளி நிர்வாக மாவட்டங்களில் டிப்ளமோவுக்கு 220 கிரெடிட் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் புள்ளி) வேண்டும், அவளிடம் 80தான் இருக்கிறது. வழக்கமான வேகத்தில் ஆண்டுக்கு 60 கிரெடிட். மீதி 140ஐ முடிக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும், கோஹார்ட் கடிகாரத்தில் அவளுக்கு மிச்சம் இருப்பதோ ஒரே ஆண்டு. அவள் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்த தேதியோடு அந்தக் கடிகாரம் கட்டப்பட்டிருக்கிறது, பள்ளி மாறினாலும் அது மாறாது. மூன்று வருடம் வைத்திருந்த பழைய பள்ளியின் கணக்கிலிருந்து அவள் பெயர் போய்விடும், அந்தப் பள்ளியின் விகிதம் கொஞ்சம் ஏறவும் செய்யும். புதுப் பள்ளி ஒன்றரை வருடம் பாடுபட்டு, அவளும் இரவில் வேலை பார்த்துக்கொண்டே 140 கிரெடிட்டையும் முடித்து டிப்ளமோ வாங்கிவிட்டால்? அந்த அட்டவணையில் அது தோல்வி. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

2015இன் கூட்டாட்சிச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ முடிக்காமல் போகிற பள்ளி தனிக் கவனிப்புப் பட்டியலில் ஏறும் என்பதால் இது வெறும் ஏட்டுக் கணக்கும் இல்லை. போதாக்குறைக்குப் பள்ளியும் சின்னது. கோஹார்ட்டில் 25 பேர் என்றால் ஒரு பிள்ளை நான்கு சதவீதம், இரண்டு பேர் பாதியில் நின்றுபோனாலே அந்த ஆண்டின் எண் எட்டுப் புள்ளி இறங்கிவிடும். இனவாரியாகப் பிரித்தாலோ ஒன்றும் மிஞ்சாது: 11 பேருக்குக் குறைவான பிரிவின் முடிவை, தனிப்பட்டவரை அடையாளம் காண முடியக் கூடாது என்பதற்காகக் கலிபோர்னியா வெளியிடுவதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'சமவயதுக் குழு' என்று சிலர் எழுதுகிறார்கள், இங்கே வயது முக்கியமே இல்லை. பழைய வழக்கில் 'ஒருசாலை மாணாக்கர்' என்ற அழகான சொல் உண்டு, பனம்பாரனாரைத் தொல்காப்பியரோடு ஒருசாலை மாணாக்கர் என்பார்கள். நன்னூலும் 'தன்னொடு கற்றோன்' என்கிறது. ஆனால் இரண்டும் கூடப் படித்தவர்களைக் குறிப்பவை. அந்தப் பெண்ணின் கோஹார்ட்டில் இருப்பவர்கள் அவளோடு ஒரு நாள்கூடப் படிக்காதவர்களாக இருக்கலாம். 'பேட்ச்' என்பது பொருளில் நெருங்கி வருகிறது, ஆனால் பேச்சில் அது சேர்ந்த ஆண்டையும் குறிக்கும், முடித்த ஆண்டையும் குறிக்கும்.

என் தேர்வு 'சேர்க்கையணி'. சேர்க்கை எல்லோருக்கும் தெரிந்த பள்ளிச் சொல், எப்போது நுழைந்தார்கள் என்பதை அது சொல்லிவிடுகிறது. அணி என்பதில் படைப்பிரிவின் சாயலும் இருக்கிறது. 'நான்காண்டுச் சேர்க்கையணி நிறைவு விகிதம்' என்று எழுதலாம். தேர்ச்சிக்குப் பதில் நிறைவு, ஏனென்றால் கேள்வி பரீட்சையைப் பற்றியது இல்லை. மாற்றுப் பள்ளியைப் பற்றி எழுதும்போது ஐந்தாண்டு, ஆறாண்டு விகிதங்களையும் பக்கத்திலேயே கொடுங்கள், பல மாநிலங்கள் அவற்றையும் வெளியிடுகின்றன, அந்தப் பெண் கணக்கில் வருவது அங்கேதான்.