அமெரிக்காவில் ஒரு செமஸ்டர்: விசாவைவிட முதலில் பார்க்க வேண்டியவை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வரும் மாணவர் பரிமாற்றத் திட்டத்தைப் பற்றி விசாரிக்க எங்கள் கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்துக்கு வருகிறவர்கள், மாணவரானாலும் பெற்றோரானாலும், முதலில் கேட்பது விசாவைப் பற்றித்தான். விசா கிடைக்குமா, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தப் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முறையான ஒப்பந்தத்தின் கீழ் செல்லும் மாணவருக்கு விசா அவ்வளவு பெரிய சிக்கலாக அமைவதில்லை. அங்கே படித்துத் தேறிய பாடம் இங்கே மதிப்பெண் பட்டியலில் ஏறாமல் போவதும், திரும்பி வந்தபின் ஜூனியர்களோடு உட்கார்ந்து அரியர் எழுத நேர்வதும்தான் நான் அடிக்கடி பார்க்கிற சங்கடங்கள்.

முதலில், பரிமாற்றம் என்பது எது என்பதில் தெளிவு வேண்டும். இரண்டு கல்வி நிறுவனங்கள் தங்களுக்குள் எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. மாணவர் கல்விக் கட்டணத்தைத் தன் கல்லூரியிலேயே செலுத்துகிறார். அங்குள்ள பல்கலைக்கழகம் அவரிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்பீடு, விமானச் செலவு, சில்லறைக் கட்டணங்கள் ஆகியவை மாணவருடையவை. இத்தகைய மாணவர்கள் பெரும்பாலும் ஜே-1 விசாவில் செல்கிறார்கள். 1961ஆம் ஆண்டின் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டத்தின் அடிப்படையில் அமெரிக்க வெளியுறவுத் துறை நடத்தும் திட்டம் இது. முழுக்கவும் சொந்தப் பணத்தில் படிப்பவருக்குப் பொதுவாக ஜே-1 கிடைக்காது. நிறுவனங்களுக்கிடையேயான ஒப்பந்தம் இருப்பதனால்தான் குடும்பப் பணத்தில் வாழ்க்கைச் செலவைப் பார்த்துக்கொள்ளும் மாணவருக்கும் அது சாத்தியமாகிறது. ஆகவே ஏதேனும் ஒரு முகவர் ‘எக்ஸ்சேஞ்ச் புரோகிராம்’ என்று சொல்லி முழுக் கல்விக் கட்டணத்தையும் கேட்டால், அது பரிமாற்றமல்ல, கட்டணம் கட்டிப் படிக்கும் சாதாரணச் சேர்க்கை என்று வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின் நகலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இனி பாடங்களுக்கு வருவோம். அமெரிக்காவில் இளநிலை மாணவர் முழுநேர மாணவராகக் கருதப்பட வழக்கமாக ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுக்க வேண்டும். பெரும்பாலான பாடங்கள் 3 கிரெடிட் என்பதால் அது நான்கு பாடங்கள். புறப்படுவதற்கு முன் எந்தெந்தப் பாடம் இங்குள்ள எந்தப் பேப்பருக்கு ஈடு என்பதைத் துறைத்தலைவரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகமும் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். இதுவரை பலரும் செய்துவிடுகிறார்கள். சிக்கல் எழுவது அங்கே போய் இறங்கிய முதல் வாரத்தில்.

எலெக்ட்ரானிக்ஸ் மாணவர் ஒருவர் நான்கு பாடங்களுக்கு ஒப்புதல் வாங்கிச் சென்றார். அவற்றில் ஒன்றில் இடம் நிரம்பிவிட்டது. இன்னொன்றுக்கு முன்பாடம் ஒன்றைப் படித்திருக்க வேண்டும் என்று பதிவு மென்பொருள் அவரைத் தடுத்தது. அங்குள்ள ஆலோசகர் அன்போடு வேறு இரண்டு பாடங்களைப் பரிந்துரைத்தார். மாணவர் சேர்ந்து, நன்றாகப் படித்து, ஏ கிரேடும் வாங்கினார். இடையில் இங்கே ஒரு வரி மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை. திரும்பியபோது பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்த குழு, ஒரு பாடம் பாதிகூடப் பொருந்தவில்லை என்று நிராகரித்தது. கடைசிச் செமஸ்டரில் வளாக நேர்காணல்களுக்கு நடுவே அந்தப் பேப்பரை அவர் எழுத வேண்டியதாயிற்று.

இதற்கு வழி எளியது. நான்கு பாடங்கள் தேவையென்றால் எட்டுப் பாடங்களுக்குப் பாடத்திட்டத்தோடு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பாடத் தடையை நீக்கும் அதிகாரம் அங்குள்ள துறைக்கு உண்டு. நீங்கள் இங்கே படித்த அதே பாடத்தின் சிலபஸை அனுப்பிக் கேட்டால் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் செமஸ்டரின் தொடக்கத்தில் கொஞ்ச நாள்தான் அவகாசம் தருகிறார்கள். அந்தக் கடைசித் தேதிக்குள் மாற்றத்தை இரு தரப்புக்கும் தெரிவித்து எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். அவகாசம் கடந்தபின், கடினமாக இருக்கிறதென்று ஒரு பாடத்தை விட்டுவிட்டு 9 கிரெடிட்டோடு நிற்பது கிரெடிட்டோடு முடிகிற விஷயமல்ல. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஜே-1 திட்டப் பொறுப்பு அலுவலரின் முன் அனுமதி இல்லாமல் முழுநேரப் படிப்பிலிருந்து குறைந்தால் அது விசா நிபந்தனையை மீறுவதாகும்.

ஆவணங்களில் முதன்மையானது, ஜே-1 விசாவுக்கான தகுதிச் சான்றாக அங்குள்ள பல்கலைக்கழகம் அளிக்கும் டிஎஸ்-2019 படிவம். வந்தவுடன் மாணவர்கள் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள், படிப்பவர்கள் குறைவு. பெயரும் பிறந்த தேதியும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா, மூன்றாம் கட்டத்தில் உள்ள தொடக்க, முடிவுத் தேதிகள் செமஸ்டரை முழுதும் அடக்குகின்றனவா, ஐந்தாம் கட்டத்தில் பணம் யாரிடமிருந்து வருகிறதென்று சரியாகக் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஐந்தாம் கட்டம் முக்கியமானது. இந்திய அரசோ அமெரிக்க அரசோ இந்தப் பயணத்துக்குப் பணம் தந்திருந்தால், குடிவரவுச் சட்டத்தின் 212(இ) பிரிவு பொருந்தும். அதாவது படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் வசிக்கும்வரை, அல்லது விலக்கு பெறும்வரை, எச்-1பி விசாவோ கிரீன் கார்டோ கிடைக்காது. முன்பு, எந்த நாட்டுக்கு எந்தத் துறைத் திறன்கள் தேவை என்று அமெரிக்க வெளியுறவுத் துறை வைத்திருக்கும் திறன்பட்டியல் வழியாகவும் இந்தியர்கள் பலருக்கு இந்தக் கட்டுப்பாடு வந்தது. 2024 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டது. அரசு உதவித்தொகை வழியாக வரும் கட்டுப்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. உதவித்தொகையை மறுக்கச் சொல்லவில்லை. பின்னாளில் அங்கே வேலைக்குப் போகும் எண்ணம் உள்ளவர் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், அவ்வளவே.

விசா நடைமுறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களைப் பதிந்துவைக்கும் அமெரிக்க அரசின் கணினி அமைப்பான செவிஸுக்கான கட்டணம் ஜே-1 மாணவருக்கு 220 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இணையவழி விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் குறிப்பிட வேண்டும். 2025 ஜூன் முதல் மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் அக்கணக்குகளை அனைவரும் பார்க்கும்படி வைக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். நேர்முகத்தில் பரிமாற்ற மாணவரின் பலமே, பட்டத்தை முடிக்க அவர் இங்கே திரும்பியாக வேண்டும் என்பதுதான். மனப்பாடம் செய்த பதில்களை ஒப்பிக்காமல் அதை நேராகச் சொன்னால் போதும்.

பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைத்துப் பலர் கை வைக்கும் இடம் காப்பீடு. ஜே-1 விதிகள் இதில் கண்டிப்பானவை: ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவச் செலவு, நோயுற்றவரைச் சிகிச்சைக்காகத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர 50,000 டாலர், இறந்தால் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர 25,000 டாலர் என்று காப்பீடு இருக்க வேண்டும், காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்குமுன் மாணவர் தன் கையிலிருந்து தர வேண்டிய தொகை 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. இங்கே வாங்கும் மலிவான பயணக் காப்பீடுகளில் மொத்தத் தொகை பெரிதாக அச்சிட்டிருக்கும். ஆனால் அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவைக்கு இவ்வளவு என்று உள்ளே தனித்தனி வரம்புகள் இருக்கும். எனவே பல்கலைக்கழகத்தின் சொந்தக் காப்பீட்டை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. எடுத்தபின்னும் எங்கே போவது என்று தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சுளுக்குக்கு வளாகத்தின் மாணவர் மருத்துவ மையம். அது மூடியிருந்தால் ‘அர்ஜென்ட் கேர்’ எனப்படும் சிறு மருத்துவமனை. பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு உயிருக்கு ஆபத்தான நிலைக்குரியது. ஆம்புலன்சுக்கும் அங்கே தனியாகப் பில் வரும். பல்லையும் கண்ணாடியையும் இங்கேயே சரிசெய்துகொண்டு போங்கள்.

தடுப்பூசிச் சான்றிதழையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் ஊசி இரண்டு தவணை போட்டதற்கான சான்றைக் கேட்கின்றன. தராவிட்டால் பாடப்பதிவையே நிறுத்திவைக்கின்றன. சிறுவயதுத் தடுப்பூசி அட்டை வீட்டில் கிடைக்கவில்லையென்றால் இப்போதே போட்டுக்கொள்ளலாம், அல்லது எதிர்ப்புச்சக்தி உள்ளதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இந்தியாவிலிருந்து செல்வோரிடம் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். பிறந்தபோது பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை நோயில்லாமலே பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால் ரத்தச் சோதனையாகச் செய்யும்படி கேளுங்கள்.

வகுப்பறைக்குள் நம் மாணவர்கள் தடுமாறுவது ஆங்கிலத்தால் அல்ல. இங்கே இறுதித் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் புத்தகத்தைத் திறந்து கரையேறிவிடலாம். அங்கே வாராந்தரப் பணி, சிறுதேர்வு, வகுப்பில் பேசுவது, இடைத்தேர்வு என்று மதிப்பெண் சிதறிக் கிடக்கிறது. மூன்றாம் வாரத்தில் விட்டதைப் பதினைந்தாம் வாரத்தில் பிடிக்க முடியாது. அதைவிட ஆபத்தானது, சேர்ந்து எழுதும் பழக்கம். நம் விடுதிகளில் ஒருவன் அசைன்மென்ட் எழுதி, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுவது நட்பின் பகுதியாகவே ஆகிவிட்டது. அங்கே ஒரே அறையில் தங்கிய நம் மாணவர்கள் இருவர் ஒரு புரோகிராமிங் பணியைச் சேர்ந்து யோசித்து, மாறிகளின் பெயரை மட்டும் மாற்றிச் சமர்ப்பித்தார்கள். ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டியது. எழுதியவர், பார்த்து எழுதியவர் என்ற வேறுபாடில்லாமல் இருவருக்கும் அந்தப் பணியில் பூஜ்யமும் ஒழுங்கு விசாரணையும் கிடைத்தன. எதைச் சேர்ந்து செய்யலாம், செயற்கை நுண்ணறிவுக் கருவியை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொரு பேராசிரியரும் தன் சிலபஸிலேயே எழுதிவிடுகிறார். அதைப் படிக்கவில்லை என்பது சாக்காக எடுபடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் மதிப்பெண்ணையோ வருகைப் பதிவையோ கேட்டு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் பதில் கிடைக்காது. ஃபெர்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரி மாணவரின் பதிவுகள் மாணவருக்கே உரியவை. அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதமின்றிப் பொதுவாகப் பெற்றோரிடம் பகிர மாட்டார்கள். இதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு எங்களிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. எனவே மாதம் ஒருமுறை மதிப்பெண் பக்கத்தை வீடியோ அழைப்பில் திறந்து காட்டுவது என்று புறப்படுமுன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். நவம்பரில் நாள் குறுகி, குளிர் ஏறி, உள்ளூர் மாணவர்கள் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வீடு போய்விடும் வாரத்தில் நம் பிள்ளைகள் பலர் சோர்ந்துபோகிறார்கள். வளாகத்து மனநல ஆலோசனை மையம் இதற்காகவே இருக்கிறது. மன நெருக்கடியில் உதவும் 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

வேலை செய்வதானால், திட்டப் பொறுப்பு அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு வளாகத்துக்குள், செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்வரை செய்யலாம். வெளியே கடையிலோ உணவகத்திலோ ரொக்கத்துக்கு வேலை செய்வது, தெரிந்தவரே அழைத்தாலும், கூடாது. குடிவரவுத் துறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லச் சொல்லும் அழைப்புகள் மோசடி. துண்டித்துவிட்டுப் பல்கலைக்கழக அலுவலகத்திடம் சொல்லுங்கள்.

திட்டம் முடிந்தபின் நாட்டைச் சுற்றிப் பார்க்க 30 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போனால் அதே ஜே-1 விசாவில் திரும்ப நுழைய முடியாது. வருமானமே இல்லாதவரும் படிவம் 8843-ஐ அடுத்த ஆண்டு ஜூன் 15க்குள் அமெரிக்க வருமான வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். டிசம்பரில் ஊர் திரும்பியவர்கள் இதை இங்கிருந்தே தபாலில் அனுப்பலாம். அறைச் சாவி, நூலக அபராதம் என எந்தப் பாக்கியும் வைக்காமல் வாருங்கள். சிறு பாக்கிக்காகவும் டிரான்ஸ்கிரிப்டை நிறுத்திவைக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பிக்கும்போது அது நேராக நம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குச் செல்லும்படி முகவரி கொடுங்கள். ‘இறுதி கிரேடுகள் ஏறியபின் அனுப்புக’ என்ற தெரிவு அந்தப் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கிரேடு கட்டங்கள் காலியாக உள்ள தாள்தான் வந்து சேரும்.