கண்மாய் வண்டல் மண்: யார் எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம், எங்கே தோண்டக் கூடாது

கண்மாய், ஏரி, குளங்களில் படிந்துள்ள வண்டல் மண்ணையும் களிமண்ணையும் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் சீனியரேஜ் கட்டணம் (கனிமத்துக்காக அரசுக்குச் செலுத்தும் தொகை) செலுத்தாமல் எடுத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் இடம் தருகின்றன. இதற்கான அனுமதியை முன்பு மாவட்ட ஆட்சியரிடம் பெற வேண்டியிருந்தது. 2024 ஜூன் மாதம் விதி திருத்தப்பட்டு, அந்த அதிகாரம் வட்டாட்சியருக்கு மாற்றப்பட்டது. பேரையூரிலோ கொட்டாம்பட்டிப் பக்கத்திலோ நிலம் வைத்திருப்பவர் நாலு நடை மண்ணுக்காக மதுரை ஆட்சியர் அலுவலகத்தை நாட வேண்டிய தேவை இதனால் நீங்கியது. கண்மாய் வறண்டு கிடக்கும் காலம் ஆண்டில் சில மாதங்களே என்பதால், கோப்பு எத்தனை மேசைகளைக் கடக்கிறது என்பது இந்த உரிமையைப் பொறுத்தவரை சிறிய விஷயமன்று.

எடுக்கக்கூடிய அளவை விதியே வரையறுக்கிறது. நன்செய் நிலத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு 75 கன மீட்டரும், புன்செய் நிலத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு 90 கன மீட்டரும் எடுக்கலாம். வீட்டு உபயோகத்துக்கு 30 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர் என்பது வரம்பு. மண் வியாபாரத்தில் புழங்கும் ‘யூனிட்’ கணக்கில் சொன்னால், ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர்; எனவே நன்செய்க்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 26.5 யூனிட்டும் புன்செய்க்கு 32 யூனிட்டும் கிடைக்கும். அந்த 75 கன மீட்டர் மண்ணை ஒரு ஏக்கரில் சீராகப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான படலமாக அமையும். பார்வைக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மணல் பாங்கான செம்மண்ணில் அந்த மெல்லிய களிப்படலம் உழவோடு கலந்துவிட்டால், நிலம் ஈரத்தைக் கூடுதல் நாட்கள் பிடித்து வைக்கும். இடுகிற உரமும் எளிதில் கீழே இறங்கிப் போகாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக எல்லா நிலத்திலும் வண்டலைக் கொட்டுவதில் பொருளில்லை. மேலூர், உசிலம்பட்டிப் பகுதிகளின் செம்மண் காடுகளுக்கு அது பெரும் பலன் தரும். திருமங்கலம், கள்ளிக்குடி வட்டாரங்களின் கரிசலில் ஏற்கெனவே களி மிகுதி என்பதால் அங்கே வண்டிக்கூலிக்கு ஏற்ற ஆதாயம் இருக்காது. செல்லூர், வண்டியூர் போல நகரக் கழிவுநீர் கலக்கும் கண்மாய்களின் மண்ணை மண் பரிசோதனை செய்யாமல் வயலுக்குக் கொண்டு போகாதிருப்பது நல்லது. உவர்த்தன்மை உள்ள மண்ணுக்கும் இதுவே பொருந்தும்.

விவசாயிக்கு வழங்கும் சலுகையாகவே இந்த விதி பெரும்பாலும் பேசப்படுகிறது. என் பார்வையில் இது முதன்மையாக ஒரு பராமரிப்பு ஏற்பாடு. மழைவெள்ளம் வரத்துக்கால் வழியாக வண்டலைச் சுமந்து வந்து கண்மாயில் இறக்குகிறது; கரையின் உயரமும் கலுங்கின் (மிகைநீர் வழிந்தோடும் அமைப்பு) மட்டமும் மாறாதிருக்க, தரை மட்டும் ஆண்டுதோறும் உயர்கிறது; கலுங்கில் மறுகால் பாய்வதால் கண்மாய் நிறைந்துவிட்டதாகத் தோன்றினாலும் உள்ளே நிற்கும் நீர் முன்பைவிடக் குறைவு. ஓர் ஆயக்கட்டில் (கண்மாய் நீர் பாயும் பாசனப் பரப்பு) 1,000 ஏக்கர் நன்செய்க்கு உரியவர்கள் தங்கள் பங்கு மண்ணை முழுமையாக எடுத்தால் வெளியேறுவது 75,000 கன மீட்டர், அதாவது 7.5 கோடி லிட்டர் நீர் நிற்பதற்கான இடம். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு தண்ணீர் பாய்ச்சுவதாகக் கொண்டால், ஆவியாவதையும் கசிவதையும் நீக்கிப் பார்க்காமல், சுமார் 370 ஏக்கருக்கு அது போதுமானது. பயிர் கருகுமா பிழைக்குமா என்று நிற்கும் மார்கழிக் கடைசியில் அந்த ஒரு தண்ணீரின் மதிப்பை விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அரசு இதே மண்ணை ஒப்பந்தம் விட்டு அகற்றினால் தோண்டுவதற்கும் சுமப்பதற்கும் கொட்டுவதற்கும் பணம் தர வேண்டும்.

ஆனால் தோண்டும் இடம் தவறினால் இதே வேலை கண்மாயைக் கெடுத்துவிடும். கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரை தாங்குதலை இழந்து, நிறைந்த நீரின் அழுத்தத்தில் சரியக்கூடும்; மடை, கலுங்கு ஆகியவற்றின் அருகில் தோண்டினால் அவற்றின் அடித்தளம் அரிக்கப்படும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அதில் தேங்கும் நீர் நிலத்தடிக்கு இறங்கலாம், ஆடுமாடுகளுக்கு உதவலாம், ஆனால் வயலுக்குத் தானாகப் பாயாது. வண்டல் அடுக்கைத் தாண்டி அடியில் உள்ள மணலைத் தொட்டுவிட்டால் நீர் நிற்கும் தன்மையே குறைந்துவிடும். ஆகவே எந்தப் பகுதியில், எவ்வளவு ஆழம் வரை எடுக்கலாம் என்பதை நீர்வளத்துறைப் பொறியாளரோ ஊராட்சி ஒன்றியப் பொறியாளரோ களத்தில் அடையாளமிட்டுக் காட்டிய பின்பே ஜேசிபி இறங்க வேண்டும். அனுமதி ஆணையில் கண்மாயின் பெயரும் மண்ணின் அளவும் மட்டும் இருந்து, தோண்ட வேண்டிய இடம் தெளிவாக இல்லாவிட்டால், அதைக் கேட்டுப் பெறுவது விண்ணப்பதாரருக்கும் ஆயக்கட்டுக்கும் நல்லது.

நடைமுறை எளிதானது. எந்தெந்தக் கண்மாய்களில் மண் எடுக்கலாம் என்ற பட்டியல் மாவட்ட அரசிதழில் வெளியிடப்படும். பட்டியலில் இல்லாத கண்மாயில் எவரும் எடுக்க முடியாது. பட்டியலைச் சரிபார்த்த பின், அரசின் இ-சேவை இணையதளம் மூலமாகவோ அருகிலுள்ள இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். விவசாயி என்றால் நிலத்தின் வகையையும் பரப்பையும் காட்டும் சிட்டா, அடங்கல் போன்ற ஆவணங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும். விளாச்சேரியில் பொம்மை செய்பவர்களைப் போன்ற மண் தொழிலாளர்கள் தங்கள் தொழிலுக்கான சான்றோடு விண்ணப்பிக்கலாம். வரிசெலுத்தும் நிலம் இல்லாதவருக்கும் இந்த விதியில் இடமுண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மண் இலவசமே தவிர, அதை அள்ளிப் போடும் செலவும் வண்டிக்கூலியும் எடுப்பவருடையவை. அரை ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக ஜேசிபி அமர்த்தினால் கட்டுப்படியாகாது. ஒரே மடைக்குக் கீழ் உள்ளவர்கள் தனித்தனியாக அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரே வாரத்தில் சேர்ந்து எடுப்பதுதான் வழி. எடுத்த மண்ணை விற்பது, செங்கல் சூளைக்கோ வீட்டுமனை மேடாக்கவோ திருப்பிவிடுவது ஆகியவை அனுமதியை மீறிய செயல்கள். அனுமதியின்றிக் கனிமம் எடுப்பதற்கும் கொண்டு செல்வதற்கும் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் கீழ் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு, வாகனத்தையும் பறிமுதல் செய்யலாம். சவுடு (பள்ளம் நிரப்பப் பயன்படும் மண்) என்ற பெயரில் மணல் அள்ளப்படுவது தொடர்பான வழக்குகள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் பலமுறை வந்துள்ளன; அதனால் நடைச்சீட்டை (மண் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) ஓட்டுநர் கையில் வைத்திருப்பது வெறும் சம்பிரதாயமல்ல.

வண்டல் எடுப்பதால் கண்மாய் முழுமையாகச் சீராகிவிடாது. வரத்துக்கால் அடைபட்டிருந்தால் எவ்வளவு ஆழப்படுத்தினாலும் நீர் வந்து சேராது. கண்மாய்கள் ஒன்றன் மறுகால் அடுத்ததற்கு வரத்தாக அமையும்படி தொடராகக் கட்டப்பட்டவை. இடையில் ஓர் இணைப்பு அறுந்தால் மேலே வெள்ளமும் கீழே வறட்சியும் ஒரே பருவத்தில் நேரும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரை நகரில் 15 நிமிடங்களில் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டி, செல்லூர் சுற்றுப்பகுதித் தெருக்களில் நீர் புகுந்த பிறகு, செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்குச் செல்லும் கால்வாய்க்கு அரசு தனியாக நிதி அறிவிக்க வேண்டியதாயிற்று. வரத்துக்கால், ஆக்கிரமிப்பு ஆகியவற்றுக்கு வட்டாட்சியரின் மண் அனுமதி பயன்படாது. அவற்றுக்குக் கண்மாய் யார் பொறுப்பில் உள்ளது என்று முதலில் அறிய வேண்டும். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. முதல் வகைக் கண்மாய்களின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் உள்ளது. மனுவை உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்வது அவசியம்.

எப்போது விண்ணப்பிப்பது என்பதில் கவனம் தேவை. பங்குனி முதல் ஆனி வரை பெரும்பாலான கண்மாய்கள் காய்ந்திருக்கும்; ஆனால் வைகை, பெரியாறு பாசனத்தின் இருபோகப் பகுதிகளில் அணை நிலவரத்தைப் பொறுத்து ஜூன் மாதமே கால்வாயில் நீர் திறக்கப்படலாம் என்பதால் அங்கே காலம் இன்னும் குறுகியது. வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பியிருக்கும் மானாவாரிக் கண்மாய்களில் ஆடி, ஆவணி வரைகூட எடுக்க முடியும். மாசி மாதத்திலேயே அரசிதழ்ப் பட்டியலில் தங்கள் கண்மாய் உள்ளதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்து, இல்லையென்றால் அதைச் சேர்க்கும்படி அப்போதே மனுக் கொடுத்துவிட வேண்டும்.