கரகர சத்தம் பழசின் அழகு அல்ல

“பழைய ரிக்கார்டு என்றால் கரகரவென்றுதான் இருக்கும், அதுதானே அழகு” என்று பலரும் சொல்கிறார்கள். ப்ளேயர் ரிப்பேரும் ரிக்கார்டுத் தட்டு கழுவுவதும் தொழிலாக உள்ள எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. அந்தச் சத்தத்தில் பெரும்பங்கு அழுக்கு. மிச்சம், தேய்ந்த முள் போட்ட காயம். அழுக்கைக் கழுவலாம், காயத்தை ஒன்றும் செய்ய முடியாது. நன்றாகக் கழுவிய எல்பியில் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் வினைல் தட்டு) மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அடித்து அடங்குவது வரை கேட்கும், வயலின் வில் திரும்புகிற இடம் தெரியும். அதைக் கேட்டவர்கள் அப்புறம் கரகரவை ரசிப்பதில்லை.

முதலில் வாங்குமிடம். 1985 தீயில் சென்னையின் பழைய மூர் மார்க்கெட் போனபின், சென்ட்ரல் பக்கத்திலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக் கடைகளில் இன்றும் தட்டுகள் கிடைக்கின்றன. அட்டையைப் பார்த்து மயங்காமல் தட்டை வெளியே எடுத்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நல்ல தட்டு கருப்புக் கண்ணாடி மாதிரி மின்னும். சாம்பல் பூத்திருந்தால், முள் ஓடுகிற பள்ளத்தின் சுவரே தேய்ந்திருக்கிறது. என்ன கழுவினாலும் உச்சஸ்தாயியில் இரைச்சல் வரும். லேபிளில் பெயிண்டால் நம்பர் போட்டிருந்தால், அது பெரும்பாலும் கல்யாணம், திருவிழா என்று சவுண்ட் சர்வீஸில் உழைத்த தட்டு. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் வெள்ளிக் கோடுகள் நிறைய இருந்தாலும் அதே கதைதான். கீறல் இருந்தால் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகத்தில் தட்டாத கீறல் பெரும்பாலும் காதிலும் தட்டாது. தட்டினால், 33⅓ வேகத்தில் 1.8 வினாடிக்கு ஒரு ‘டிக்’ உறுதி. ஓட்டை நடுவில் இல்லாத தட்டுகளும் உண்டு. அவற்றில், நாதஸ்வரத்தில் நீளமாக நிற்கும் ஸ்வரம் மேலும் கீழும் அலையும்.

கழுவுவதற்கு வீட்டுத் தண்ணீர் வேண்டாம். வடசென்னை போர் தண்ணீரின் உப்பு, காய்ந்ததும் பள்ளத்தில் படிந்துவிடும். கேன் தண்ணீரும் சரிவராது. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் 800 மில்லி, பாரிமுனை கெமிக்கல் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் 200 மில்லி, வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் மூன்று நான்கு சொட்டு. இதுதான் கலவை. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைச் சேர்க்காதீர்கள், அதில் வேறு பொருள்களும் இருக்கும். அடுப்புப் பக்கம் வைத்துக் கலக்கவும் கூடாது.

லேபிள் 10 சென்டிமீட்டர் காகிதம், நனைந்தால் போச்சு. அதைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா மூடியால் மூடிக்கொள்ளுங்கள். தூசியை முதலில் காய்ந்த பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, கலவையைத் தெளித்து ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகிற திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே ஒரு இழுப்புகூடக் கூடாது. கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசுங்கள். பலரும் விட்டுவிடுகிற வேலை இது. அலசாவிட்டால் சோப்பு பள்ளத்தில் காய்ந்து, முதல் பாட்டு முடிவதற்குள் முள்ளின் நுனியில் சாம்பல் பசையாகத் திரளும். பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிறுத்தி, நிழலில் காயவிடுங்கள். ஃபேன் காற்று தூசியைக் கொண்டுவந்து ஈரத்தில் ஒட்டிவிடும். மழைக்காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

கவனம்: இந்தக் கலவை 78 தட்டுக்கு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) ஆகாது! அது அரக்கு. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். இந்தியாவில் 1960களிலும் 78 தட்டுகள் வந்தன. அதனால் லேபிளில் வேகத்தைப் படிக்காமல் எதையும் நனைக்காதீர்கள். கனமாக, விரலால் தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம் வந்தால் அது அரக்குத் தட்டு. அதற்கு டிஸ்டில்டு வாட்டரும் இரண்டு சொட்டு சோப்புத் திரவமும் மட்டும், உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும்.

முள்ளுக்கு வருவோம். 78 தட்டின் முள் நுனி சுமார் 75 மைக்ரான் ஆரம், எல்பிக்குச் சுமார் 18. பழைய பெட்டி ப்ளேயர்களில் ஒரே தலையில் இரண்டு முள்ளும் இருக்கும், சின்ன நெம்புகோலால் திருப்ப வேண்டும். எல்பியை வைத்துவிட்டு முள்ளைத் திருப்ப மறந்தால், ஒரே ஓட்டத்தில் பள்ளத்தின் மேல்விளிம்பு சிதைந்துவிடும். பித்தளைப் புனல் வைத்த கிராமபோனில் எல்பியை வைப்பது இன்னும் மோசம். அது இரும்பு முள், 78க்கே ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பதுதான் கணக்கு.

முள் தாவுகிறது என்று தலையில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி வைக்கிறார்கள். அந்த நாணயம் 3 கிராமுக்கு மேல். முள்ளைத் தாங்கும் மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் கேட்கிற மொத்த எடையே பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம். இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றினால் பள்ளம் தாங்குமா? எடையை முறையாக வைக்க, முள் தட்டின் நடுவை நோக்கி இழுபடுவதைச் சரிக்கட்டும் ஆன்ட்டி ஸ்கேட்டிங்கை முதலில் பூஜ்யத்தில் வையுங்கள். டோன்ஆர்ம் (முள் தலையைத் தாங்கும் கை) காற்றில் மட்டமாக மிதக்கும்வரை பின் எடையைத் திருகி, எண்வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் வளையத்தை எடையோடு சேர்த்து, கார்ட்ரிட்ஜ் கேட்கும் அளவுக்குத் திருப்புங்கள். ஆன்ட்டி ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணில் வையுங்கள். எடை குறைந்தாலும் கெடுதல்தான்: முள் துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கும். வைர முள் 500 மணி நேரம் தாண்டினால் மாற்ற யோசியுங்கள், சஃபையர் முள் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. எங்களைக் கேட்டால், பத்து தட்டு வாங்கும் பணத்தில் முதலில் ஒரு நல்ல முள்.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ப்ளேயருக்கு 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் மட்டும் போதாது. ஏசி மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்கானது. நம்மூர் 50 ஹெர்ட்ஸில் 33⅓ சுற்று 28க்கும் கீழே போய், பாடகர் தூக்கத்தில் பாடுவார். மோட்டார் தண்டிலுள்ள புல்லியை மாற்ற வேண்டும்.

வைக்கும் இடத்தில் எதிரி வெயில்தான். மொட்டைமாடிக்குக் கீழே பரண், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூடிய கார் எதுவும் ஆகாது. படுக்கையாக அடுக்கினால் தட்டு வளைந்துவிடும். நிறுத்தியே வையுங்கள், 100 எல்பி உறையோடு 20 கிலோவைத் தாண்டும், பலகை அதற்கேற்ப இருக்கட்டும். 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கத்தில் அலமாரியின் அடிப்பலகை தரையிலிருந்து மூன்றடிக்கு மேலேதான் இருக்க வேண்டும். மெத்தென்ற பிவிசி வெளியுறை தட்டில் பனிமூட்டம் போலப் படியும், பாலித்தீன் போதும். பூஞ்சை பிடித்த காகித உள்ளுறையைத் தூக்கிப் போடுங்கள்.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி போனாலும், தண்டவாளத்தை ஒட்டிய கொருக்குப்பேட்டை வீட்டில் ரயில் போனாலும் தரை அதிரும். பீரோ மேலோ ஆடுகிற மேஜையிலோ வைக்காமல், சுவரில் போல்ட் போட்ட பலகையில் ப்ளேயரை வையுங்கள், ஸ்பீக்கர் தனியாக இருக்கட்டும். சோதிக்க ஒரு வழி: மோட்டாரை நிறுத்தி, முள்ளைத் தட்டில் இறக்கி, வால்யூமைப் பாதி வைத்துப் பலகையை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் ‘டொம்’ என்று கேட்டால் அடியில் கெட்டியான ரப்பர் வையுங்கள், அப்போதும் கேட்டால் வேறு சுவர் பாருங்கள்.