ஒரு கேற்றுக்குள் மூன்று அடுப்பு

இரத்தத்தில் சீனி இறங்கி வந்தவர்களில் இந்த மாதம் இது மூன்றாவது ஆள். கொழும்பை அடுத்த வத்தளையில், ஹெந்தளைப் பக்கம் மூன்று மாடி வீடு: மேலே மகன் குடும்பம், நடுவில் வாடகைக்காரர், கீழே எழுபத்தாறு வயது அம்மா. காலையில் சீனி வருத்தத்துக்கான குளிசையைப் போட்டவர் சாப்பிடாமலே இருந்துவிட்டார். மகனும் மருமகளும் வாகன நெரிசலுக்குப் பயந்து ஆறு மணிக்கே களனிப் பாலம் தாண்டிவிடுகிறவர்கள். பின்னேரம் வந்து பார்த்தால் அம்மா வியர்வையில் நனைந்து, பேச்சுக் குழறிக் கிடக்கிறார். இரத்தச் சீனி 38 mg/dL, மிகக் குறைவு.

"தனியா விடேல்லையே டொக்டர், நாங்கள் எல்லாரும் ஒரே வீடுதானே?"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரே வீடு வேறு, ஒரே குடித்தனம் வேறு. குடிசன மதிப்பீட்டில்கூட சேர்ந்து வாழ்ந்து, சமையலும் சாப்பாடும் பொதுவாக இருப்பவர்களைத்தான் ஒரு குடித்தனம் என்று கணக்கெடுப்பார்கள். அந்தக் கணக்கில் அந்த அம்மா தனி ஆள். கேற் ஒன்று, ஆனால் அடுப்பு மூன்று. இதைச் சொன்னால் ஏதோ பாசம் இல்லை என்று குற்றம் சாட்டியதுபோல் முகம் சுருங்குகிறது. பாசத்தைப் பற்றி நான் பேசவே இல்லை, அம்மா காலையில் சாப்பிட்டாரா என்பதை யார் கண்ணால் பார்த்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

வத்தளை இப்போது அப்படித்தான் வளர்கிறது. கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் நெருக்கியடித்து இருந்த குடும்பம் இங்கே பத்துப் பேர்ச் காணி வாங்கி, பிள்ளைக்கொரு மாடி கட்டுகிறது. பக்கத்து ஃபிளாட்டில் பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற யாழ்ப்பாணத்து வயோதிபத் தம்பதி, அடுத்த அனெக்ஸில் கணவன் கட்டாரில் இருக்க இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண், பின்னால் போர்டிங்கில் மலையகத்துப் பொடியன்கள் நால்வர். தனியாக இருக்கிறோம் என்று தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைத்திருப்பார்கள். எனக்குப் பயம் கூட்டுக் குடும்பம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களைப் பற்றித்தான். (அதனால்தான் வீட்டில் எத்தனை பேர் என்று நான் கேட்பதில்லை. நேற்று இரவு யாரோடு சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். பல அம்மாமார் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வதில்லை.)

சரி, செய்யவேண்டியது. டொல்பியூட்டமைட், கிளிக்லசைட், இன்சுலின் என்ற சீனி குறைக்கும் மருந்துகளை எடுப்பவர் சாப்பாட்டைத் தவறவிடவே கூடாது. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கொண்டுவந்து காட்டுங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடத்தில் இரத்தச் சீனியைத் திரும்பச் சோதியுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். அம்புலன்ஸுக்குக் காசில்லை, தமிழிலும் பேசலாம்.

கீழ்மாடிச் சாவியொன்றை நடுமாடிக்காரரிடம் கொடுத்து வையுங்கள். ஆறு மணிக்குப் போகிறவர்கள், தயவுசெய்து, அம்மாவின் இடியப்பத் தட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.